ஆங்கிலக் கேட்டல் தேர்வுப் பயிற்சி: தமிழ்ப் புணர்ச்சி இலக்கண நோக்கில் ஒரு விளக்கம்

ஆய்வுச்சுருக்கம்

அயல்நாட்டு உயர்கல்விக்கும் பணிப்பதிவுக்கும் உரிய ஆங்கிலத் தகுதித் தேர்வுகளில் கேட்டல் தனிப் பகுதியாக மதிப்பிடப்படுகிறது. இப்பகுதிக்கு ஆயத்தமாகும் தமிழ் மாணவர் பலர், மாதிரித் தேர்வுகளை ஒன்றன்பின் ஒன்றாக எழுதிப் பார்ப்பதையே பயிற்சியாகக் கொள்கின்றனர். மாதிரித் தேர்வு கேட்டல் திறனை அளக்கும். அதனால் மட்டும் அத்திறன் வளர்ந்துவிடாது. தொடர்பேச்சில் சொற்கள் இணைந்தும் திரிந்தும் மெலிந்தும் ஒலிக்கும் முறையைப் பிரித்தறிவதே பயிற்சியின் மையமாக அமைதல் வேண்டும் என்பதை இக்கட்டுரை விளக்குகிறது. தமிழ் இலக்கணம் கூறும் புணர்ச்சி, உடம்படுமெய், குறுக்கம், குறில் நெடில் ஆகிய கருத்துகள் இப்பயிற்சிக்குத் துணையாகும் வகையையும், அத்துணையின் எல்லையையும் எடுத்துரைத்து, வகுப்பறையில் கைக்கொள்ளத்தக்க பயிற்சி முறை ஒன்றையும் முன்வைக்கிறது.

திறவுச்சொற்கள்: கேட்டல் திறன், ஆங்கிலத் தகுதித் தேர்வு, புணர்ச்சி, உடம்படுமெய், குறுக்கம், இரண்டாம்மொழி கற்பித்தல்.

1. முன்னுரை

கேட்டல், பேசல், படித்தல், எழுதல் ஆகிய நான்கும் மொழித்திறன்கள் எனப்படும். இவற்றுள் கேட்டலே முதலில் அமைவது; ஆயினும் தமிழ்நாட்டு ஆங்கிலக் கல்வியில் பெரும்பாலும் இறுதியிடம் பெறுவதும் அதுவே. பள்ளி, கல்லூரி ஆங்கிலத் தேர்வுகள் பெரிதும் எழுத்தைச் சார்ந்தவை. பாடநூலைக் கண்ணால் கற்று, வினாவுக்கு விடையைக் கையால் எழுதிப் பழகிய மாணவர், பட்டப்படிப்பை முடித்து அயல்நாட்டுப் பல்கலைக்கழகத்திற்கு விண்ணப்பிக்கும் நிலையிலேயே, ஆங்கிலத்தைக் காதால் மட்டும் கேட்டுப் புரிந்துகொள்ளும் தேர்வை முதன்முறையாக எதிர்கொள்கின்றனர்.

இத்தேர்வுகளின் வரலாறு நீண்டது. டோஃபெல் தேர்வு 1964ஆம் ஆண்டு தொடங்கியது. ஐஇஎல்டிஎஸ் தேர்வு 1989ஆம் ஆண்டு முதல் நடைபெற்று வருகிறது. மருத்துவம், செவிலியம் முதலிய நலவாழ்வுத் துறையினருக்கென ஓஇடி என்னும் தனித் தேர்வும் உள்ளது. இம்மூன்றிலும் கேட்டல் தனிப் பகுதியாக அமைந்து தனி மதிப்பெண் பெறுகிறது.

இம்மதிப்பெண்ணின் விளைவு சிறிதன்று. பிரித்தானியாவில் செவிலியராகப் பதிவுபெற விரும்பும் அயல்நாட்டவர் ஐஇஎல்டிஎஸ் தேர்வைத் தேர்ந்தெடுப்பாராயின், கேட்டல், படித்தல், பேசல் ஆகிய மூன்றிலும் 7 என்னும் தரநிலையைப் பெறவேண்டும், எழுதலில் 6.5 போதுமானது. பிற பகுதிகளில் தேறியும் கேட்டலில் குறைந்தமையால் மீண்டும் கட்டணம் செலுத்தித் தேர்வெழுதுவோர் உளர். எனவே, இப்பகுதிக்கான பயிற்சி எவ்வாறு அமைதல் வேண்டும் என்பது மொழியாசிரியரும் ஆய்வாளரும் கருதத்தக்க வினாவாகும்.

2. தேர்வின் அமைப்பும் அது வேண்டும் திறனும்

ஐஇஎல்டிஎஸ் கேட்டல் பகுதி நான்கு பிரிவுகளையும் 40 வினாக்களையும் உடையது. ஒலிப்பதிவு ஏறத்தாழ 30 நிமிடம் நீளும். முதற்பிரிவு அன்றாட வாழ்வு சார்ந்த இருவர் உரையாடல். இரண்டாம் பிரிவு அன்றாடச் சூழல் சார்ந்த ஒருவர் பேச்சு. மூன்றாம் பிரிவு கல்விச் சூழலில் நிகழும் உரையாடல். இதில் நால்வர் வரை பேசக்கூடும். நான்காம் பிரிவு கல்விப்பொருள் பற்றிய விரிவுரை. பிரித்தானிய, ஆத்திரேலிய, நியூசிலாந்து, வட அமெரிக்க ஒலிப்பு முறைகள் ஒலிப்பதிவில் கலந்து வருகின்றன.

இத்தேர்வின் மூன்று இயல்புகள் பயிற்சியை நேரடியாகப் பாதிப்பவை. முதலாவது, ஒலிப்பதிவு ஒருமுறை மட்டுமே ஒலிக்கும். எழுத்துப் பனுவலைப் படிப்பவர் புரியாத தொடருக்குத் திரும்பிச் செல்லலாம். கேட்பவருக்கு அவ்வாய்ப்பு இல்லை. இரண்டாவது, வினாக்கள் ஒவ்வொரு பிரிவிலும் பெரும்பாலும் ஒலிப்பதிவின் வரிசையிலேயே அமைகின்றன. ஆதலின் ஒரு வினாவில் தடைப்பட்டு நிற்பவர் அடுத்துவரும் இரண்டு மூன்று விடைகளையும் இழக்க நேரும். மூன்றாவது, விடை எழுத்தாகவே தரப்படுகிறது. சொல்லைச் சரியாகக் கேட்டும் எழுத்துப்பிழையோடு எழுதினால் மதிப்பெண் இல்லை. பன்மை விகுதி விடுபடுதல், குறிப்பிட்ட சொல் எண்ணிக்கையைக் கடத்தல் ஆகியனவும் விடையைத் தவறாக்கும்.

வினாவில் உள்ள சொல் பெரும்பாலும் ஒலிப்பதிவில் அப்படியே வருவதில்லை. அதன் பொருள் வேறு சொற்களால் கூறப்படும். பேசுவோர் முதலில் செவ்வாய்க்கிழமை என்று கூறிப் பின்னர் அதனை மறுத்துப் புதன்கிழமை எனத் திருத்துவதும் உண்டு. முதலில் கேட்ட சொல்லை உடனே எழுதிவிடுபவர் இங்குத் தவறுகிறார்.

40 வினாக்களுள் ஏறத்தாழ 23 விடைகள் சரியாக அமைந்தால் 6 என்னும் தரநிலையும், ஏறத்தாழ 30 சரியாக அமைந்தால் 7 என்னும் தரநிலையும் கிட்டும். ஒரு முழுத் தரநிலைக்கும் அடுத்த தரநிலைக்கும் உள்ள தொலைவு ஏழு விடைகளே. அவ்வேழு விடைகள் எக்காரணத்தால் தவறின என்பதைக் கண்டறிவதே பயிற்சியின் முதற்பணி.

3. மாதிரித் தேர்வின் எல்லை

தேர்வு, கற்பித்தலின் மீது செலுத்தும் தாக்கத்தைப் பற்றி ஆல்டர்சன், வால் ஆகியோர் 1993ஆம் ஆண்டு எழுதிய கட்டுரை மொழித்தேர்வு ஆய்வில் குறிப்பிடத்தக்கது. தேர்வு கற்பித்தலை மாற்றுகிறது என்று பொதுவாகக் கூறிவிடுவது போதாது. எதனை, எவ்வாறு மாற்றுகிறது எனப் பிரித்து ஆராய்தல் வேண்டும் என அக்கட்டுரை வலியுறுத்தியது. கேட்டல் தேர்வைப் பொறுத்தவரை இத்தாக்கம் பெரும்பாலும் ஒரே வடிவில் வெளிப்படுகிறது: பயிற்சி வகுப்பு, தேர்வின் நகலாகவே ஆகிவிடுகிறது. ஒலிப்பதிவு இயக்கப்படுகிறது, மாணவர் விடையெழுதுகின்றனர், விடைக்குறிப்பு வாசிக்கப்படுகிறது, மதிப்பெண் கூட்டப்படுகிறது, அடுத்த மாதிரித் தேர்வு தொடங்குகிறது.

ஜான் ஃபீல்ட் 2008ஆம் ஆண்டு வெளியிட்ட, வகுப்பறையில் கேட்டல் பற்றிய நூலில் இதே குறையைப் பொதுவான மொழிவகுப்பிலும் சுட்டுகிறார். கேட்டல் வகுப்பு என்னும் பெயரில் நிகழ்வது பெரும்பாலும் புரிதலைச் சோதித்தலேயன்றிக் கேட்கக் கற்பித்தலன்று என்பது அவர் கருத்து. தவறான விடையை, மாணவரின் கேட்டல் எவ்விடத்தில் முறிந்தது என்பதைக் காட்டும் அறிகுறியாக ஆசிரியர் கொள்ளுதல் வேண்டும் என்கிறார்.

இக்கருத்தை உடல்வெப்பம் அளக்கும் கருவியோடு ஒப்பிடலாம். காய்ச்சலின் அளவை அது காட்டும். பத்துமுறை வைத்துப் பார்ப்பதால் காய்ச்சல் தணிவதில்லை. மாதிரித் தேர்வால் மாணவர் வினாவகைகளை அறிகிறார், நேர ஒழுங்கு பழகுகிறது, அச்சம் குறைகிறது. இவை தேவையானவையே. எனினும் இப்பயன்கள் முதற் சில தேர்வுகளோடு பெரும்பாலும் நிறைவடைகின்றன. அதன்பின் மதிப்பெண் ஓரிடத்திலேயே நிற்குமாயின், அதற்குரிய காரணத்தை ஒலியைச் சொல்லாகப் பிரித்தறியும் அடிப்படை நிலையிலும் தேடுதல் வேண்டும்.

4. தொடர்பேச்சும் புணர்ச்சியும்

எழுத்தில் சொற்களுக்கிடையே இடைவெளி உண்டு; பேச்சில் அத்தகைய இடைவெளி இல்லை. ஒலிப்பதிவைக் கேட்டபின் அதன் எழுத்துவடிவத்தைக் காணும் மாணவர், அதிலுள்ள சொற்கள் யாவும் தமக்குத் தெரிந்தவையே என்று வியப்பதுண்டு. சொல் தெரியாமை அங்குக் குறையன்று. தெரிந்த சொல் தொடரில் எவ்வாறு ஒலிக்கும் என்பதை அறியாமையே குறை.

தமிழ் மாணவருக்கு இந்நிகழ்வு புதியதன்று. நிலைமொழி ஈறும் வருமொழி முதலும் சேரும்போது நிகழும் மாற்றங்களைத் தமிழ் இலக்கணம் புணர்ச்சி என்னும் தலைப்பில் விரிவாகப் பேசுகிறது. மாற்றமின்றிச் சேர்வது இயல்புப் புணர்ச்சி. தோன்றல், திரிதல், கெடுதல் என்னும் மூவகை மாற்றங்கள் விகாரப் புணர்ச்சி. ஆங்கிலத் தொடர்பேச்சில் நிகழ்வனவற்றையும் இவ்வகைகளின்கீழ் விளக்க இயலும்.

4.1 மெய்யின்மேல் உயிர் ஏறுதல்

‘கடல்’ என்பதும் ‘அலை’ என்பதும் சேர்ந்து ‘கடலலை’ என ஒலிக்கின்றன. ஆங்கிலத்தில் ‘டர்ன்’, ‘ஆஃப்’ என்னும் இருசொற்களும் அவ்வாறே ‘டர்னாஃப்’ என ஒரு சொற்போல ஒலிக்கின்றன. தமிழர் அன்றாடம் வழங்கும் ‘செக்கப்’, ‘பிக்கப்’ ஆகிய கடன்சொற்கள் இவ்விணைப்பை முன்னரே காட்டுகின்றன. அவற்றில் ககரம் இரட்டித்திருப்பதும் கருதத்தக்கது. தனிக்குறிலை அடுத்த மெய், உயிர் வரும்போது இரட்டிக்கும் என்னும் தமிழ் விதியின்படி ‘கண்’, ‘அழகு’ என்பன ‘கண்ணழகு’ ஆகின்றன. அதே ஒலிப்பழக்கம் ‘செக்’, ‘அப்’ என்பவற்றையும் ‘செக்கப்’ ஆக்குகிறது. ஆங்கிலேயர் ஒலிப்பில் அவ்விரட்டிப்பு இல்லை. அமெரிக்க ஒலிப்பில் ‘கெட்’, ‘அப்’ சேருங்கால் டகரம் மென்மையாக நாவால் வருடப்பட்டு மறைவதுபோல ஒலிக்கும். இரட்டித்த ஒலியை எதிர்பார்க்கும் தமிழ்ச்செவி அச்சொல்லைத் தவறவிட இதுவும் ஒரு காரணம் ஆகலாம்.

4.2 உடம்படுமெய்

உயிரீறும் உயிர்முதலும் சேருமிடத்துத் தமிழில் யகரமோ வகரமோ உடம்படுமெய்யாகத் தோன்றும். ‘மணி’, ‘அடித்தது’ என்பன ‘மணியடித்தது’ ஆகும். ‘பூ’, ‘அழகு’ என்பன ‘பூவழகு’ ஆகும். ஆங்கிலப் பேச்சிலும் இகர ஒலியை அடுத்து யகரச்சாயலும், உகர ஓகர ஒலிகளை அடுத்து வகரச்சாயலும் தோன்றுகின்றன. ‘சீ’, ‘இட்’ என்பன ‘சீயிட்’ எனவும், ‘கோ’, ‘அவே’ என்பன ‘கோவவே’ எனவும் ஒலிப்பதைக் காணலாம்.

தமிழில் இல்லாத மூன்றாம் இணைப்பொலி ஒன்றும் பிரித்தானிய ஒலிப்பில் உண்டு. தென்னிங்கிலாந்தின் பொது ஒலிப்பில் சொல்லிறுதி ரகரம் தனித்து ஒலிப்பதில்லை; உயிர்முதற்சொல் வருமாயின் அது மீண்டும் ஒலிக்கும். எழுத்தில் ரகரமே இல்லாத இடத்திலும் அது தோன்றுவதுண்டு. சட்டம் ஒழுங்கு என்னும் பொருளுடைய ஆங்கிலத் தொடர் ‘லா அண்ட் ஆர்டர்’ என எழுதப்படினும் ‘லாரண்டார்டர்’ என்பதுபோலப் பலரால் ஒலிக்கப்படுகிறது. இதனை முன்னறியாத மாணவர் ‘லாரன்’ என்னும் ஆட்பெயரைக் கேட்டதாகக் கருதக்கூடும்.

4.3 திரிதலும் கெடுதலும்

‘மரம்’ என்பது ‘கள்’ விகுதியோடு சேர்ந்து ‘மரங்கள்’ ஆகும்போது மகரம் ககரத்திற்கு இனமான ஙகரமாகத் திரிகிறது. ஆங்கிலத்தில் ‘டென்’ என்னும் எண்ணுப்பெயர் ‘பைக்ஸ்’ என்பதன் முன் ‘டெம்’ என ஒலிப்பதும் அதே இனமாதலே. ‘டிட்’, ‘யூ’ என்பன சேர்ந்து ‘டிஜூ’ என்றாவதும், ‘மீட்’, ‘யூ’ என்பன ‘மீச்சூ’ என்றாவதும் இரண்டொலி சேர்ந்து மூன்றாவதாகத் திரிவதற்குச் சான்றுகள்.

‘மரம்’, ‘வேர்’ என்பன ‘மரவேர்’ ஆகுமிடத்து மகரம் கெடுகிறது. ஆங்கிலத்தில் மெய்கள் அடுக்கி வருமிடத்து நடுவிலுள்ள டகரம் கெடுவது இயல்பு. ‘நெக்ஸ்ட் டே’ என்பது ‘நெக்ஸ்டே’ எனவும், ‘லாஸ்ட் வீக்’ என்பது ‘லாஸ்வீக்’ எனவும் ஒலிக்கும். இறந்தகால விகுதியும் இவ்வாறு கெடலாம். ‘வாக்ட் டு’, ‘வாக் டு’ ஆகியன காதுக்கு ஏறத்தாழ ஒன்றே. அங்குக் காலத்தை முடிவுசெய்வது செவியன்று; தொடரின் பிற சொற்களும் இலக்கண அறிவுமே.

4.4 ஒப்புமையும் வேற்றுமையும்

இவ்வொப்புமைகளுக்கிடையே அடிப்படையான வேற்றுமை ஒன்று உண்டு. தமிழில் புணர்ச்சி பெரும்பாலும் எழுத்திலேயே தெரிகிறது. ‘மரங்கள்’ என்று ஒலிப்பதனை ‘மரங்கள்’ என்றே எழுதுகிறோம். ஆங்கிலத்தில் புணர்ச்சி காதுக்கு மட்டும் உரியது. கண்ணுக்குச் சொற்கள் தனித்தனியாகவே காட்சி தருகின்றன. ஆங்கிலத்தை எழுத்துவழியே கற்ற மாணவர் அதன் புணர்ச்சியை ஒருபோதும் கண்டதில்லை. கேட்டல் தேர்வில் தோன்றும் இடர்களுள் பெரும்பகுதி இங்கு வேர்கொள்கிறது. மேலும், ஆங்கில மாற்றங்கள் பேச்சின் விரைவையும் சூழலையும் பொறுத்து நிகழ்ந்தும் நிகழாமலும் அமைவன. தமிழ்ப்புணர்ச்சி விதிகளை அப்படியே ஆங்கிலத்தின்மேல் ஏற்றுதல் பொருந்தாது. அவற்றைச் செவியைத் திறக்கும் திறவுகோலாகக் கொள்ளுதலே தகும்.

5. குறுக்கமும் மெலிந்தொலிக்கும் சொற்களும்

ஓர் எழுத்து தனக்குரிய மாத்திரையில் குறைந்து ஒலிக்கும் என்னும் கருத்து தமிழ் இலக்கணத்தில் தொன்மையானது. குற்றியலிகரம், குற்றியலுகரம் ஆகியவற்றைத் தொல்காப்பியம் சார்பெழுத்துகளாகக் கூறுகிறது. சார்பெழுத்துகளைப் பத்தாக விரிக்கும் நன்னூல் ஐகாரக்குறுக்கம் முதலியவற்றையும் சேர்க்கிறது. ஒரு மாத்திரைக்குரிய உகரம் அரை மாத்திரையாகக் குறுகுகிறது. ‘காசு’, ‘இல்லை’ என்பன ‘காசில்லை’ எனச் சேரும்போது அக்குறுகிய உகரம் இடமின்றிப் போகிறது.

ஆங்கிலத்தில் குறுக்கம் இதனினும் பரந்தது. அழுத்தம் பெறாத அசைகளின் உயிரொலி பெரும்பாலும் தன் நிறத்தை இழந்து, வாயைச் சிறிதே திறந்து ஒலிக்கும் மெலிந்த நடுவுயிராக மாறுகிறது. முன்னிடைச்சொல், துணைவினை, சுட்டு, இணைப்புச்சொல் ஆகிய இலக்கணச் சொற்கள் தொடரில் இம்மெலிந்த வடிவிலேயே மிகுதியும் வருகின்றன. கருத்தைத் தாங்கும் பெயரும் வினையும் அழுத்தம் பெறுகின்றன. ஆங்கிலம் கேட்போர் அழுத்தமுள்ள அசையையே புதுச்சொல்லின் தொடக்கமாகக் கொள்ள முனைகின்றனர் என்பதை ஆன் கட்லர், டென்னிஸ் நாரிஸ் ஆகியோரின் 1988ஆம் ஆண்டு ஆய்வு எடுத்துக்காட்டியது. தமிழ் மாணவரோ ஒவ்வோர் அசைக்கும் ஏறத்தாழ ஒத்த கவனம் தரும் பழக்கமுடையவர். எனவே மெலிந்த அசைகளைத் தேடி நின்று, வலிந்த அசைகளைத் தவறவிடுகின்றனர்.

‘அவள் அதனைப் பேருந்தில் விட்டிருக்கவேண்டும்’ என்னும் பொருளுடைய ஆங்கிலத் தொடரை எடுத்துக்கொள்ளலாம். எழுத்தில் அது ‘ஷி மஸ்ட் ஹேவ் லெஃப்ட் இட் ஆன் த பஸ்’ என எட்டுச் சொற்கள். பேச்சில் ‘ஷிமஸ்டவ் லெஃப்டிடான்த பஸ்’ என்பதுபோல ஒலிக்கும். ‘ஹேவ்’ என்பதில் ஹகரம் கெட்டு, உயிர் மெலிந்து, ‘அவ்’ மட்டும் எஞ்சுகிறது. இவ்வடிவம் ‘ஆஃப்’ என்னும் முன்னிடைச்சொல்லின் மெலிந்த வடிவத்தை ஒத்தது. ஆங்கிலத்தைத் தாய்மொழியாக உடையோரே எழுதும்போது ஒன்றினிடத்தில் மற்றொன்றை எழுதிவிடும் பிழை அங்குப் பரவலாக அறியப்பட்டது.

பொருளையே மாற்றவல்ல இடமும் உண்டு. இயலும், இயலாது என்பவற்றைக் குறிக்கும் ஆங்கிலத் துணைவினைகளை இறுதி டகரத்தால் வேறுபடுத்த முயல்வது பயன்தராது. அந்த டகரம் பெரும்பாலும் முழுமையாக வெடிப்பதில்லை. உடன்பாட்டு வடிவம் தொடரிடையில் ‘கன்’ என மெலியும். எதிர்மறை வடிவம் பிரித்தானிய ஒலிப்பில் ‘கான்ட்’ எனவும், அமெரிக்க ஒலிப்பில் ‘கேன்ட்’ எனவும் நிறைந்த உயிரோடு ஒலிக்கும். எனவே மாணவர் கேட்கவேண்டியது இறுதி மெய்யை அன்று. உயிரின் நிறைவையும் அழுத்தத்தையும் ஆகும்.

இக்குறுக்கம் பேச்சின் சிதைவு எனக் கருதும் மாணவர்க்குத் தமிழ்ப் பேச்சுவழக்கே தக்க விடை. ‘வந்துகொண்டிருக்கிறேன்’ என்பது பேச்சில் ‘வந்துட்டிருக்கேன்’ ஆகிறது. தமிழர் எவரும் அதனைக் கேட்டுத் தயங்குவதில்லை. எழுத்துத் தமிழை மட்டும் கற்ற அயல்நாட்டவரோ அச்சொல்லில் திகைத்து நிற்பர். ஆங்கிலக் கேட்டல் தேர்வில் தமிழ் மாணவர் நிற்கும் இடமும் அதுவே.

6. ஒலிப்புவேற்றுமையும் குறில் நெடிலும்

தமிழில் பகரம் சொன்முதலில் வல்லொலியாகவும், மெல்லினத்தை அடுத்து ஒலிப்புடைய ஒலியாகவும் வரும். ‘பம்பரம்’ என்னும் ஒரே சொல்லில் இவ்விரண்டும் உள்ளன, எழுத்து ஒன்றே. இடம் நோக்கியே ஒலி வேறுபடுவதால் தமிழ் எழுத்துமுறைக்கு அவ்வேறுபாட்டைக் காட்டவேண்டிய தேவை எழவில்லை. ஆங்கிலத்தில் இவ்வேறுபாடு பொருளை மாற்றும். தொப்பியைக் குறிக்கும் ‘கேப்’, வாடகை வண்டியைக் குறிக்கும் ‘கேப்’ ஆகிய இரண்டும் தமிழெழுத்தில் ஒரே வடிவம் பெறுவதே இதற்குச் சான்று.

இவ்விரண்டையும் செவியால் பிரிக்கத் தமிழ் மாணவரிடம் உள்ள ஆற்றல் ஒன்று உதவக்கூடும். ஆங்கிலத்தில் ஒலிப்பற்ற மெய்யின் முன் உயிர் சுருங்கியும், ஒலிப்புடைய மெய்யின் முன் அதே உயிர் நீண்டும் ஒலிக்கும். தொப்பியின் உயிர் குறுகியது. வண்டியின் உயிர் நீண்டது. ‘படம்’, ‘பாடம்’ எனக் குறில் நெடிலால் பொருள் பிரித்துப் பழகிய செவி, இறுதி மெய்யைத் தேடுவதை விடுத்து உயிரின் நீளத்தைக் கவனிக்குமாறு வழிநடத்தப்படலாம்.

எண்ணுப்பெயர்களும் இத்தகையன. 15, 50 ஆகிய எண்களுக்குரிய ‘ஃபிஃப்டீன்’, ‘ஃபிஃப்டி’ என்பனவற்றை அழுத்தத்தால் மட்டும் பிரிக்கப் பழக்குவது வழக்கம். ஆனால் பெயர்ச்சொல் தொடர்ந்து வரும்போது 15க்குரிய சொல்லிலும் அழுத்தம் முன்னசைக்கு நகர்வதுண்டு. அப்போது துணைநிற்பன இறுதியசையின் நெடிலும் னகரமுமே. கட்டணம், நேரம், தொலைபேசி எண் ஆகியவை வினாவாகும் முதற்பிரிவில் இவ்வேறுபாடு மதிப்பெண்ணைத் தீர்மானிக்கும்.

7. பயிற்சி முறை

மேற்கூறியவற்றின் அடிப்படையில், ஒரு மாதிரித் தேர்வை ஒரே அமர்வில் முடித்துவிடாது, பல அமர்வுகளுக்குரிய பயிற்சிப் பொருளாகக் கொள்ளும் முறையை ஐந்து படிகளில் கூறலாம்.

முதற்படி, தேர்வுச்சூழலில் ஒருமுறை கேட்டல். ஒலிப்பதிவை இடையில் நிறுத்தாது, குறித்த நேரத்தில் விடையெழுதவேண்டும். வினாக்களை முன்கூட்டிப் படித்து, வரவிருக்கும் விடை எண்ணா, இடப்பெயரா, பெயர்ச்சொல்லா என ஊகிப்பதும் இப்படியில் அடங்கும்.

இரண்டாம் படி, பிழைகளை வகைப்படுத்தல். ஒவ்வொரு தவறான விடையையும் நான்கு வகைகளுள் ஒன்றில் சேர்க்கலாம். சொல் அறிந்ததாயினும் ஒலியில் பிடிபடாமை ஒலிப்பிழை. சொல்லே அறியாமை சொற்பிழை. பேச்சு எவ்விடத்தில் உள்ளது என்பதைத் தவறவிடுதல், திருத்தத்தைக் கவனியாமை, வேறு சொற்களில் கூறப்பட்ட பொருளை உணராமை ஆகியன கருத்துப்பிழை. எழுத்துக்கூட்டல், பன்மை, சொல் எண்ணிக்கை சார்ந்தன எழுத்துப்பிழை. எழுத்துவடிவத்தைப் பார்க்குமுன் பிழைநிகழ்ந்த பகுதியை மீண்டும் கேட்டல் வேண்டும். பார்த்தபின் எல்லாம் தெளிவாகக் கேட்டதாகவே தோன்றும்.

மூன்றாம் படி, கேட்டெழுதல். பிழைநிகழ்ந்த இடத்தின் முன்னும் பின்னுமாகச் சில நொடிப் பகுதியைத் தேர்ந்து, வேண்டுமளவு கேட்டு, காதில் விழுந்ததை முழுத்தொடராக எழுதவேண்டும். பின்னரே எழுத்துவடிவத்தோடு ஒப்பிடவேண்டும். எழுதியதற்கும் உள்ளதற்கும் இடைப்பட்ட வேற்றுமையே பாடம். அது உயிரேறியதாலா, உடம்படுமெய்யாலா, திரிதலாலா, கெடுதலாலா, குறுக்கத்தாலா எனப் பெயரிட்டுக் குறித்துவைத்தல் நன்று. சில வாரங்களில் அக்குறிப்பேடு மாணவரின் செவிக்குரிய தனி இலக்கணமாகிவிடும்.

நான்காம் படி, உடன்தொடர்ந்து சொல்லுதல். ஒலிப்பதிவு இயங்கும்போதே அரைநொடி பின்தொடர்ந்து, அதே இணைப்போடும் அழுத்தத்தோடும் வாய்விட்டுச் சொல்லுதல் வேண்டும். தாம் சொல்லப் பழகிய மெலிந்த வடிவத்தைப் பிறர் சொல்லக் கேட்கையில் இனங்காண்பது எளிதாகும்.

ஐந்தாம் படி, எழுத்தின் துணையின்றி மீண்டும் கேட்டல். சில நாள் கழித்து அதே பகுதியைக் கேட்கும்போது சொற்கள் தாமே பிரிந்து ஒலிக்குமாயின் பயிற்சி நிறைவுற்றது எனலாம். அதன்பின்னரே புதிய மாதிரித் தேர்வுக்குச் செல்லுதல் தகும்.

8. வகுப்பறை நோக்கில்

வாண்டர்கிரிஃப்ட், கோ ஆகியோர் 2012ஆம் ஆண்டு வெளியிட்ட நூல், கேட்பவர் தம் கேட்டலைத் தாமே திட்டமிட்டு, கண்காணித்து, மதிப்பிடும் ஆற்றலை வளர்த்தலை வலியுறுத்துகிறது. மேற்கூறிய முறையில் பிழையை வகைப்படுத்தும் படி இவ்வாற்றலுக்கு இடம் தருகிறது. பின்புல அறிவைக்கொண்டு பொருளை ஊகித்தலும், ஒலியிலிருந்து சொல்லைப் பிரித்தலும் ஒன்றையொன்று விலக்குவன அல்ல. எனினும் ஊகம், பிடிபடாத ஓரிரு சொற்களை நிரப்பவல்லது. தொடர் முழுதும் பிடிபடாவிடின் ஊகத்திற்குப் பற்றுக்கோடு இராது.

வகைப்படுத்தலால் கற்பித்தலின் திசையும் தெளிவாகிறது. சொற்பிழை மிகுந்த மாணவருக்கு வாசிப்பும் சொல்வளமும் வேண்டும். ஒலிப்பிழை மிகுந்தவருக்குக் கேட்டெழுதல் வேண்டும். எழுத்துப்பிழை மிகுந்தவருக்குச் சில நாள் எழுத்துக்கூட்டல் பயிற்சியே சில மதிப்பெண்களை மீட்டுத்தரும். ஒரே மதிப்பெண் பெற்ற இருவருக்கு ஒரே பயிற்சி பொருந்துவதில்லை.

தமிழ்வழி பயின்ற மாணவர் ஆங்கிலக் கேட்டலில் தாம் பின்தங்கியிருப்பதற்குத் தமிழறிவையே காரணமாகக் கருதும் நிலை உண்டு. இக்கட்டுரையில் கண்ட சான்றுகள் அக்கருத்தை ஏற்கவில்லை. புணர்ச்சியும் குறுக்கமும் பயின்ற மாணவர், தொடர்பேச்சில் ஒலி மாறும் என்னும் உண்மையை இலக்கணமாகவே அறிந்தவர். அவ்வறிவை ஆங்கில வகுப்பில் ஒருவரும் அவருக்கு நினைவூட்டாமையே குறை. தமிழாசிரியரும் ஆங்கில ஆசிரியரும் இணைந்து வடிவமைக்கத்தக்க பாடப்பகுதி இது.

9. முடிவுரை

ஆங்கிலக் கேட்டல் தேர்வு ஒருமுறை ஒலித்து மறையும் பேச்சைக் கொண்டு மாணவரை மதிப்பிடுகிறது. அதற்கான பயிற்சியோ பலமுறை கேட்டலையும், பிழையின் காரணம் தேடலையும் வேண்டுகிறது. தேர்வின் நகலாக மட்டும் பயிற்சி அமையுமாயின், மாணவர் தம் குறையை மீண்டும் மீண்டும் அளந்துகொண்டிருப்பர்.

தமிழ் மாணவரின் இடர்கள், சொற்கள் இணைந்து ஒலித்தல், இலக்கணச் சொற்கள் மெலிதல், ஒலிப்பு வேற்றுமை பொருள் தருதல் ஆகிய இடங்களில் குவிகின்றன. முதலிரண்டுக்கும் ஒத்த நிகழ்வுகளைத் தமிழ் இலக்கணம் பெயரிட்டு விளக்கியுள்ளது. மூன்றாவதற்குக் குறில் நெடில் உணர்வு வழிகாட்டக்கூடும். ஆங்கிலத்தின் அழுத்த அமைப்பு தமிழுக்குப் புறம்பானதாதலின் அதற்குத் தனிப்பயிற்சி தேவை. தமிழ் மாணவரின் கேட்டற்பிழைகளைத் திரட்டி, ஒலிவகைப்படி பகுத்து ஆராயும் கள ஆய்வுகள் மேற்கொள்ளப்படின், இம்முறையின் பயனளவும் எல்லையும் தெளிவுறும்.